கேட்காத பாட்டைக் கேட்பது எப்படி?

2021 மார்ச் மாதக் கடைசி. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காதணி விழா. பந்தலுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு முடிந்து, முருகன் பாட்டு இரண்டு ஓடி, பந்தி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். பத்து வயதிருக்கும் ஒரு பையன் வந்து என் முழங்கையைத் தொட்டு, “தாத்தா, என்ஜாய் எஞ்சாமி போடுங்கள்” என்றான். எந்தப் படம் என்று கேட்டேன். “படத்தில் இல்லை தாத்தா, தனிப் பாட்டு” என்றான்.

அப்படி ஒரு பாட்டு வந்திருக்கிற சேதியே எனக்குத் தெரியாது.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் என் அப்பா தொடங்கிய மைக்செட் கடை எங்களுடையது. அப்பா காலத்தில் இசைத்தட்டும் ஊசியும். நான் தொழிலுக்கு வந்த சில வருடங்களில் கேசட். பிறகு சி.டி., இப்போது பென்டிரைவ். கேட்ட பாட்டு கைவசம் இல்லாமல் கையைப் பிசைந்த நாள்கள் உண்டு. ஆனால் ஊரே பாடிக்கொண்டிருக்கும் பாட்டின் பெயரை ஒரு சின்னப் பையன் சொல்லித் தெரிந்துகொண்டது அன்றுதான். தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, அந்த மாதம்தான் யூடியூபில் வெளியாகியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு ஒலிபெருக்கிக் குழாய்களை இறக்கி வண்டியில் ஏற்றும்போது மனசு கனத்துக் கிடந்தது. நாற்பது வருடமாக எனக்குப் புதுப்பாட்டு வந்த சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது ரேடியோ. அது சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வேறு வழிகளைத் தேடிப் பழகிக்கொண்டேன். சிலவற்றில் நேரம் வீணானது, சில பலித்தன. பலித்தவற்றை இங்கே எழுதுகிறேன். மைக்செட்காரர்களுக்காக மட்டும் எழுதவில்லை. கையில் உலகத்துப் பாட்டெல்லாம் இருந்தும் பத்து வருடமாக அதே அறுபது பாட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ரேடியோ செய்த வேலை

முதலில் ரேடியோ என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்க முடியும்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ஆம் தேதி தொடங்கப்பட்டது. எங்கள் பக்கத்துக்குப் பாட்டு மட்டுமா அதன் வழியாக வந்தது, நெல்லே வந்தது. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்தைத் திருச்சி நிலையம் விடாமல் சொல்லிச் சொல்லிப் பரப்பியதால், தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் பெரியப்பா கடைசிவரை நம்பர் சொல்லமாட்டார், ரேடியோ நெல் என்றுதான் சொல்வார். நாம் கேட்டுப் போகாத ஒன்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பெயரைச் சொல்லி, கையில் கொடுத்துவிட்டுப் போவது. பாட்டுக்கும் அது அதையேதான் செய்தது.

சினிமாப் பாட்டு விஷயத்தில் மட்டும் அகில இந்திய வானொலி கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு நின்றது. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-இல் சினிமாப் பாட்டுப் போடுகிற விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் கடற்கரை ஊர்கள் இலங்கையை விடவில்லை. மத்திய அலை (மீடியம் வேவ்) உப்புத் தண்ணீரின் மேல் நன்றாக ஓடும். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் கடல்தானே. வேதாரண்யத்தில் அத்தை வீட்டில் பட்டப்பகலிலேயே இலங்கை கணீரென்று கேட்கும். எங்கள் வீட்டில் இரைச்சலோடு கேட்கும். பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் அத்தை வீட்டுக்கு ஓடியது அதற்காகத்தான். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி. அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேசுகிற வேகத்துக்கு என் பென்சில் ஈடுகொடுக்காது. பி.எச்.அப்துல் ஹமீத் நிறுத்தி, அழுத்தந்திருத்தமாகச் சொல்வார். பாட்டு எழுதியவர் பெயர்வரை எழுதி முடித்துவிடலாம்.

படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். இந்த நான்கும் பாட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். 29 வயதில் இறந்துபோன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எங்கள் மண்ணின் கவிஞர் என்பதை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லவில்லை, அறிவிப்பாளர்தான் சொன்னார்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். ஒரு தனியார் பண்பலை நிலையத்தைக் கடையில் காலை ஏழு மணிமுதல் இரவு ஏழு மணிவரை வைத்து, வந்த பாட்டையெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒரே புதுப்பாட்டு ஏழு தடவை வந்தது. ஏழு தடவையில் ஒரு தடவைகூட அதை எழுதியவர் பெயர் வரவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். அவர்கள் பக்கத்து நியாயமும் தெரியத்தான் செய்கிறது. விளம்பரத்தில் பிழைக்கிற நிலையம். தெரியாத பாட்டு வந்தால் காரில் போகிறவர் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுவார். அதனால் ஏற்கெனவே ஃபோனில் ஓடி, ஊருக்கெல்லாம் பழகிப்போன பாட்டைத்தான் துணிந்து போடுகிறார்கள். ரேடியோ போட்டதை ஜனங்கள் கேட்ட காலம் போய், ஜனங்கள் கேட்டதை ரேடியோ போடுகிற காலம் வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும், நடவு வயலில் வரப்பில் வைத்திருந்த டிரான்சிஸ்டர்கூட ஃபோனாக மாறிவிட்டது. ஃபோனில் நாம் கேட்டதைத்தான் கேட்கிறோம். கேட்காததைக் கேட்க நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நீள நோட்டு ஒன்று வாங்குங்கள்

மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுகிற நீள நோட்டு. அதில் ஆறு கட்டம் கோடு போடுங்கள்: தேதி, எங்கே கேட்டது, பாட்டின் முதல் வரி, யார் பாடியது, யார் எழுதியது, யார் இசை. ராகம் தெரிந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். தெரியாத கட்டத்தை வெறுமனே விடுங்கள். அந்தக் காலிக் கட்டம்தான் உங்களைத் தேட வைக்கும். ஃபோனிலேயே எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். குறிப்பு எழுத ஃபோனை எடுத்தால் அதற்குள் நான்கு சேதி வந்து நின்று, எழுத வந்தது மறந்துபோகிறது.

என் நோட்டில் ஒரு வரியை அப்படியே தருகிறேன்: “நீடாமங்கலம் ரயில்வே கேட். பஸ்ஸில். பெண் குரல், அடித்தொண்டை. முன்னிசையில் நாகசுரமா ஷெனாயா தெரியவில்லை. ‘மழை’ என்ற சொல் இரண்டு தடவை. நடை மெதுவாகப் போய்ச் சரணத்தில் வேகம் பிடிக்கிறது.” நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு எழுதி முடிக்கவும் நேரம் இருக்கும். பாட்டு கிடைக்காவிட்டாலும் அடையாளம் இப்படி இருக்க வேண்டும். ‘நல்ல பாட்டு’ என்று எழுதி வைத்தால் மறுவாரம் நமக்கே ஒன்றும் புரியாது.

பெயரைக் கண்டுபிடிக்க இப்போது கருவி இருக்கிறது. ஷஸாம் என்ற செயலி பாட்டைக் கேட்டு, அதில் ஓங்கி ஒலிக்கிற புள்ளிகளை ஒரு கோலம் மாதிரி குறித்துக்கொண்டு, தன்னிடம் இருக்கிற பதிவுகளின் கோலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பத்து வினாடி போதும். குழாய்க்கு நேர் கீழே நின்று பிடிக்காதீர்கள். ஒலி உடைந்து வரும். இருபது அடி தள்ளி நின்று, ஃபோனின் அடிப்பக்கத்தைப் பாட்டு வரும் திசைக்குக் காட்டுங்கள். மெட்டு மட்டும் நினைவிருக்கிறது, பதிவு இல்லை என்றால், 2020-லிருந்து கூகுளில் மைக்கை அழுத்திப் பாட்டைத் தேடச் சொல்லி, பத்துப் பதினைந்து வினாடி முணுமுணுத்தால் போதும். வாயைத் திறந்து பாடுவதைவிட ‘ம்ம்’ என்று மெட்டை இழுத்தால் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

பதிவான பாட்டைத்தான் ஷஸாம் கண்டுபிடிக்கும். எதிரில் வாசிக்கிற நாகசுரத்திடம் அது செல்லாது. கும்பகோணம் பக்கம் ஒரு சுவாமி புறப்பாட்டுக்கு விளக்கும் மைக்கும் என் பொறுப்பு. கோபுர வாசலில் மல்லாரி, சுவாமி புறப்பாட்டுக்கென்றே நாகசுரத்தில் வாசிப்பது. அதை எங்கே கேட்டாலும் கம்பீர நாட்டை ராகம் என்று சொல்லிவிடுவேன். கீழவீதி முனையில் திரும்பியதும் வேறொன்று எடுத்தார்கள். ஏழு எண்ணிக்கையில் அலை அலையாகச் சுற்றி வருகிறது. சொல் இருப்பதாகத் தெரியவில்லை. தவில் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போகிறது. நோட்டில் எழுத ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. சுவாமி மண்டபத்தில் இறங்கியதும் டீ வாங்கிக்கொண்டு போய் நின்றேன். எழுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. நாகசுரத்தின் ஊதுவாயான சீவாளியைத் துடைத்துக் கொத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, கீழவீதி முனையில் வாசித்தீர்களே, அது என்ன பாட்டு?”

“அது பாட்டு இல்லை தம்பி. ரக்தி. அதற்குச் சாகித்யம் கிடையாது.” ஒரு வாய் டீ குடித்தார். “நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இப்போது யாரும் கேட்பதில்லை.”

ஆகவே கருவி கைவிடும் இடத்தில் ஆளைக் கேளுங்கள். வாசித்து முடித்து, வாத்தியத்தை உறையில் போடுவதற்கு முன் கேளுங்கள். நடுவில் போய்க் கேட்கக் கூடாது. எந்த இடத்தில் வாசித்தது என்று சொல்லிக் கேட்டால் அவர்களுக்கு உடனே நினைவு வரும்.

தினமும் அரை மணி, கை வைக்காமல்

இரண்டாவது பழக்கம், ஒரு நாளில் அரை மணி நேரம் வருவதைக் கேட்பது. மாற்றக் கூடாது, தாண்டக் கூடாது. பிடிக்காத பாட்டையும் முடிவுவரை கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த பாட்டில் பாதி, முதல் தடவை பிடிக்காத பாட்டுதான்.

இதற்கு இன்றைக்கும் ரேடியோதான் நல்லது. அதில் தாண்டும் பொத்தான் இல்லை. திருச்சி மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். பழைய பெட்டியில் மீட்டர் கணக்கு எழுதியிருந்தால் 320-க்குப் பக்கத்தில் முள்ளை வையுங்கள். காரைக்கால் பண்பலை 100.3, திருச்சி ரெயின்போ 102.1. கரகரப்பு வந்தால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் வீட்டைப் பாருங்கள். ஃபோன் சார்ஜரும் மலிவான எல்இடி பல்பும் மத்திய அலையை நாசம் செய்கின்றன. இரண்டையும் அணைத்தாலே பாதி இரைச்சல் போய்விடும். மத்திய அலைக்கு நீட்டுகிற ஏரியலால் பயனில்லை. ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒரு கருப்புக் குச்சியாகப் படுத்திருக்கிறது. பெட்டியையே மெல்லத் திருப்புங்கள், ஒரு இடத்தில் குரல் தெளியும். பண்பலைக்குத்தான் வெளி ஏரியல். ஒன்றரை மீட்டர் ஒயரை அதில் கிளிப் போட்டு மாட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால், எங்கள் ஊரில் காரைக்கால் தெளிவாக வந்துவிடுகிறது.

காரைக்கால் எங்கள் பக்கத்துக்குப் பெரிய கொடை. வேறு நிலையத்தில் வராத பாட்டு அதில் வரும், அறிவிப்பாளர் பெயர்களையும் சொல்வார். சமுதாய வானொலியையும் விடாதீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி இருக்கிறது. இவற்றுக்குப் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் அனுமதி கிடைக்காது, ஆகவே சுற்றுப்புறக் கிராமங்களுக்குத்தான் எட்டும். எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பக்கத்து ஊர்க்காரர் குரலை வேறு எங்கே கேட்பது?

எட்டாதவர்களுக்கு ஃபோன். அகில இந்திய வானொலியின் ‘நியூஸ் ஆன் ஏ.ஐ.ஆர்.’ செயலியில் இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் வருகின்றன. ‘ரேடியோ கார்டன்’ என்று இன்னொன்று. உருண்டையைச் சுழற்றி எந்த ஊரில் விரல் வைக்கிறோமோ அந்த ஊர் ரேடியோ பாடும். நான் வாரத்துக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் திருநெல்வேலி, ஒரு வாரம் யாழ்ப்பாணம், ஒரு வாரம் மொழியே தெரியாத ஊர். மொழி தெரியாத பாட்டில் தாளம் நன்றாகக் காதில் விழுகிறது.

செயலியை நம் வழிக்குக் கொண்டுவருவது

பாட்டுச் செயலிகள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பார்த்து, அதையே நமக்கும் நீட்டுகின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதனால் புதுப்பாட்டை முதல் அரை நிமிடத்துக்குள் தள்ளிவிடாதீர்கள். தள்ளத் தள்ள நமக்குப் பழகியதைத்தான் அது திரும்பத் திரும்பக் கொண்டுவரும். திங்கள்கிழமைதோறும் ‘டிஸ்கவர் வீக்லி’ என்று 30 பாட்டு தருகிறது. அதை முழுதாகக் கேட்டு, மூன்று பாட்டையாவது நோட்டில் ஏற்றுங்கள். புதுப்பாட்டு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. சினிமாவுக்கு வெளியே வருகிற தமிழ்ப் பாட்டுகளைப் பார்க்க அதுதான் சரியான நாள்.

பேரப் பிள்ளைகள் நம் ஃபோனில் பாட்டுக் கேட்டால் கணக்கு குழம்பிவிடும். அவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். யூடியூபில் அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்து அமைதி வந்தால்தான் அடுத்து எது என்று யோசிப்போம்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது வேறு ஒரு வழி. ஒரு பாட்டு பிடித்தால் அதே பாடகரின் அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்தில் வாசித்தவருக்குப் போங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எல்லோரும் கேட்டதுதான். அவரோடு வாசித்த தவில்காரர்களில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவர். அவர் பெயரைப் போட்டுத் தேடினால் வேறு நாகசுரக்காரர்கள் வருவார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். அவரைக் கேட்டுவிட்டு, ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் தங்கிய ஷேக் சின்ன மௌலானாவுக்கு வாருங்கள். ஒரு தோடியில் புறப்பட்டுக் காவிரிக் கரையெல்லாம் சுற்றிவிடலாம். சினிமாப் பாட்டுக்கும் இப்படித்தான்: புல்லாங்குழல் வாசித்தவர் யார், கோரஸ் பாடியவர் யார், எழுதியவர் வேறு என்ன எழுதினார். பாபநாசம் சிவன் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சினிமாவிலிருந்து கச்சேரிக்கும் கச்சேரியிலிருந்து சினிமாவுக்கும் அந்த ஒரு மனிதர் வழியாகவே போய்வரலாம்.

தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். நாகசுரம், நாதஸ்வரம், நாகஸ்வரம் மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதிவுகள் வருகின்றன. தமிழ் எழுத்தில் தேடினால் வருவது வேறு, ஆங்கில எழுத்தில் தேடினால் வருவது வேறு. வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஃபோனில் பிடித்து ஏற்றிய அருமையான வாசிப்புகள் தமிழ்த் தலைப்பில்தான் கிடக்கின்றன.

ஆளைப் பிடியுங்கள்

ரேடியோவில் ஒரு ஆள் இருந்தார். நம்மைத் தெரியாவிட்டாலும் நமக்காகத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்துக்கு மூன்று பேர் வேண்டும். மூவரும் வெவ்வேறு வயதில் இருந்தால் நல்லது.

எனக்கு முதல் ஆள் ஒரு தனியார் பஸ் கண்டக்டர். கும்பகோணம் மன்னார்குடித் தடம். பஸ்ஸில் ஓடும் பாட்டு அவர் பென்டிரைவில் அவரே அடுக்கியது. காலை நடைக்கு ஒரு வரிசை, கல்லூரிப் பிள்ளைகள் ஏறும் நேரத்துக்கு ஒரு வரிசை, கடைசி நடைக்கு ஒன்று. “தம்பி, இந்தப் பாட்டு எங்கே கிடைத்தது?” என்று ஒரு நாள் கேட்டேன். “பின் சீட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள் அண்ணே, அவர்களிடமே கேட்டு ஏற்றிக்கொண்டேன்” என்றார். மாதம் ஒரு முறை அவருக்கு நான் பழைய பாட்டு தருகிறேன், அவர் எனக்குப் புதியது தருகிறார்.

இரண்டாவது ஆள் என் தங்கை மகள். கோயம்புத்தூரில் படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: ஒரு நாளைக்கு ஒரு பாட்டுதான், அதோடு ஏன் பிடித்தது என்று ஒரு வரி கட்டாயம். முதல் வாரம் அவள் பத்துப் பத்தாக அனுப்பினாள், நான் ஒன்றையும் திறக்கவில்லை. ஒன்று என்று ஆனதும் தினமும் திறக்கிறேன். “மாமா, இதில் இரண்டாவது நிமிடத்தில் பறை வரும், அதற்காகக் கேளுங்கள்” என்று எழுதுவாள். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது ஆள் உங்கள் தெருவைவிட்டு வெளியே இருக்க வேண்டும். என் தொழிலில் அது தானாக அமைந்தது. கோயிலுக்கும் மைக் கட்டுவேன், தர்காவுக்கும் கட்டுவேன், ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் வழியில் நடந்து போகிறவர்களின் பந்தலுக்கும் கட்டுவேன். ஒவ்வொரு இடத்திலும் பாட்டு வேறு. நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தாயிரா என்ற கைப்பறையை அடித்துப் பாடுகிற பக்கீர்களின் பாட்டை எனக்கு அறிமுகம் செய்தார். நீங்களும் பக்கத்து ஊர்த் திருவிழாவில், உங்கள் சாமி இல்லாத இடத்தில், ஒரு ராத்திரி நின்று கேட்டுப் பாருங்கள்.

திருவையாற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தினம் என்ற ஐந்து கீர்த்தனைகளைப் பாடுகிற காலையை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீராகத்தில் முடிவது பலருக்கு மனப்பாடம். அதை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம். நேரில் போகிறவர்கள் மற்ற நாள் மத்தியானம் போங்கள். பெயர் தெரியாத இளம் பாடகர்கள் ஆளுக்குச் சில நிமிடம் பாடிவிட்டு இறங்குவார்கள், கூட்டம் இருக்காது. ஒரு மத்தியானம் ஒரு பெண் வராளியில் இரண்டே நிமிடம் ஆலாபனை செய்துவிட்டுக் கீர்த்தனைக்குப் போனாள். மேடைக்குப் பின்னால் போய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். யூடியூபில் அவள் பாடியது மூன்றே பதிவு இருந்தது. இரண்டு வருடம் கழித்துத் திருச்சி வானொலியில் அவள் பெயரைச் சொன்னபோது என் நோட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தேதியைப் பார்த்துக்கொண்டேன்.

நோட்டு தீர்ந்ததும்

வருடத்துக்கு ஒரு நோட்டு தீரும். புது நோட்டின் முதல் இரண்டு பக்கத்தில் பழைய நோட்டில் காலிக் கட்டம் இருக்கிற வரிகளை மட்டும் பெயர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி ஒரு தடவை தேடுங்கள். போன வருடம் கிடைக்காதது இந்த வருடம் யாராவது ஏற்றிக் கிடைத்திருக்கும். ரயில்வே கேட்டில் கேட்ட அந்த மழைப் பாட்டு எனக்கு இப்படித்தான் பதினான்கு மாதம் கழித்துக் கிடைத்தது. முன்னிசையில் வந்தது ஷெனாய்தான்.

என் பட்டியலில் முதல் வரி மட்டும் நாற்பது வருடத்துக்கு மேலாக நோட்டுக்கு நோட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. வேதாரண்யம், அத்தை வீட்டுத் திண்ணை, இலங்கை வானொலி. பெண் குரல், தொடக்கத்தில் வீணை, பல்லவியில் ‘கொன்றை’ என்ற சொல். அறிவிப்பாளர் பெயர் சொன்ன நேரத்தில் அத்தை முறத்தைத் தட்டிவிட்டாள். பாடியவர், எழுதியவர், இசை மூன்று கட்டமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. இந்தத் தை மாதமும் பெயர்த்து எழுதியிருக்கிறேன்.